புவிச்சரிதவியலில் முதுமாணிப் பட்டம்: வேண்டுவன யாவை?

உயர்தரப் பரீட்சையிலே விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்திய பிள்ளையொன்று வீட்டிலிருந்தால், அப்பிள்ளை வைத்தியராவதா, பொறியியலாளராவதா என்னும் பேச்சே அவ்வீட்டில் ஓயாது நடைபெறும். இவ்விரண்டிற்கும் புறம்பான விஞ்ஞானத் துறைகள் பல உண்டென்பதைப் பெற்றோர் அறியாதவரல்லர். ஆயினும் அவற்றைப் பற்றி விசாரித்தறிய முனைவோர் சிலரே. அவ்வாறு கேட்பாரின்றிக் கிடக்கும் துறைகளுள் ஒன்று புவிச்சரிதவியல். அத்துறையிலே முதுமாணிப் பட்டம் பெற விரும்பும் மாணவர்க்கு வேண்டுவன யாவை என்பதை இங்கு நோக்குவோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாடசாலைகளிலே கற்பிக்கப்படும் புவியியல் வேறு, புவிச்சரிதவியல் வேறு. ஆங்கிலத்திலே முன்னையதை ஜியோகிரபி என்றும், பின்னையதை ஜியோலஜி என்றும் வழங்குவர். மலையும் ஆறும் ஊரும் மக்களும் பூமியின் மேற்பரப்பிலே எவ்வாறு பரந்துள்ளன என்று கூறுவது புவியியல். அம்மலை எக்கல்லால் ஆயது, அக்கல் எக்காலத்தில் எவ்வாறு தோன்றியது, அதனடியில் நீருண்டா, தாதுண்டா என்று வினவுவது புவிச்சரிதவியல். உயர்தர வகுப்பிலே இஃது ஒரு தனிப்பாடமாக இல்லாமையால், மாணவர் பலர் பல்கலைக்கழகத்துட் புகுந்த பின்னரே இதன் பெயரைக் கேட்கின்றனர்.

நமக்கு இதனால் யாது பயன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நாம் குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் பெரிதும் நம்பியிருப்பது, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தங்கி நிற்கும் மழைநீரையே. அந்நன்னீர், தன்னினும் கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும்; அளவுக்கு மீறிப் பசளையிட்டால் நைத்திரேற்று கிணற்றிற் சேரும். எவ்வூரில் எவ்வளவு இறைக்கலாம் என்று சொல்ல வல்லவர், நிலத்தின் உள்ளமைப்பை அறிந்தவரே.

மலைநாட்டின் நிலை இதனினும் கொடிது. 2014-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 29-ஆந் திகதி, கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மண் சரிந்து லயன் வீடுகளை மூடிற்று. தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் பலர் மாண்டனர். எச்சரிவு அசையும், எது அசையாது நிற்கும் என்பதைக் கல்லையும் மண்ணையும் நீரோட்டத்தையும் அளந்தே கூறவேண்டும். ஆகவே இத்துறையிலே உயர்கல்வி பெறுவது ஒருவருடைய உத்தியோகத்தை மாத்திரம் பொறுத்த காரியமன்று.

அத்திவாரப் பட்டம்

முதுமாணிப் படிப்புக்கு முதல் வேண்டுவது விஞ்ஞானமாணிப் பட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்திலே புவிச்சரிதவியலுக்கெனத் தனித்துறை உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே புவிவளப் பொறியியல் கற்பிக்கப்படுகின்றது. பொதுப் பட்டம் மூன்றாண்டுக்குரியது. சிறப்புப் பட்டம் நான்காண்டுக்குரியது. முதுமாணியை நாடுவோர்க்குச் சிறப்புப் பட்டமே நேர்வழி. வேறு துறையிற் பட்டம் பெற்றோருக்கும் கதவு முற்றாக அடைக்கப்பட்டதன்று. ஆயின் கனிப்பொருள், பாறை, படையமைப்பு ஆகியவற்றைப் பற்றிய அடிப்படைப் பாடங்களை அவர்கள் முதலிற் கற்று நிரப்ப வேண்டிவரும்.

இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம் ஆகிய மூன்றையும் புறக்கணிப்பவர் இத்துறையில் நெடுந்தூரம் செல்லார். கனிப்பொருளின் அமைப்பு இரசாயனம். பூகம்ப அலையும் பூமியின் காந்தமும் பௌதிகம். நீரோட்டத்தைக் கணிப்பது கணிதம். இவற்றோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்மொழி மூலம் கற்றுவந்த நம் மாணவர்கள் விரிவுரைகளை ஆங்கிலத்திலே கேட்டு, ஆய்வேட்டையும் ஆங்கிலத்திலேயே எழுதவேண்டியவராவர். இப்பயிற்சியைப் பல்கலைக்கழகம் புகும்வரை தள்ளிப்போடாதிருப்பது நன்று.

இருவகை முதுமாணி

முதுமாணிப் பட்டங்கள் யாவும் ஒரே தரத்தன என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி அவை வெவ்வேறு படிகளில் நிற்கின்றன. ஒன்பதாம் படியிலுள்ள முதுமாணி, பாடநெறிகளைக் கற்றுப் பெறுவது. அதற்குக் குறைந்தது 30 திறமைப் புள்ளிகள் வேண்டும். பத்தாம் படியிலுள்ள முதுமாணிக்கு 60 புள்ளிகள் வேண்டும். அவற்றுள் 15 புள்ளிகளேனும் ஆராய்ச்சியாற் பெற்றனவாயிருத்தல் வேண்டும். பதினோராம் படியிலே தத்துவ முதுமாணி உண்டு. அது முழுவதும் ஆராய்ச்சியை நம்பியது.

புள்ளி என்பது யாது? பாடநெறியிலே ஒரு புள்ளி, வகுப்பும் வீட்டுப் படிப்புமாக 50 மணி நேர உழைப்பைக் குறிக்கும். ஆராய்ச்சியிலோ ஒரு புள்ளிக்குக் குறைந்தது 100 மணி நேரம் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்பதாம் படியின் முழுப் பட்டத்துக்கும் வேண்டியது 1,500 மணி. பத்தாம் படியிலே ஆராய்ச்சிப் பகுதிக்கு மட்டும் வேண்டியதும் அதே 1,500 மணி. உத்தியோகம் பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறு தினங்களிலே நாளொன்றுக்கு எட்டு மணி உழைப்பவருக்கு இஃது ஏறக்குறைய 94 வாரத்து வேலை. மணமாகிக் குழந்தைகளும் உடையவர் இக்கணக்கை வீட்டாரோடு கலந்து பார்த்த பின்னரே விண்ணப்பம் அனுப்புவது நலம்.

உத்தியோக உயர்வை நாடுவோர்க்குப் பாடநெறி முதுமாணி போதியதாகலாம். பிற்காலத்திற் கலாநிதிப் பட்டத்தையோ பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியையோ நாடுவோர் ஆராய்ச்சி முதுமாணியையே தெரிந்தெடுக்க வேண்டும். பேராதனையிலே 1996-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட விஞ்ஞானப் பட்டப்பின் கற்கை நிறுவனம், இத்துறை சார்ந்த முதுமாணி நெறிகளை நடத்தி வருவதொன்று.

வெளிக்களமும் ஆய்வுகூடமும்

புவிச்சரிதவியலாளனுக்கு முதற் புத்தகம் நிலமே. சுத்தியல், திசையறிகருவி, கைவில்லை, குறிப்பேடு ஆகிய நான்கும் அவன் கையிலிருக்க வேண்டும். பாறைப்படை எத்திசை நோக்கி எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்று அளந்து, அவ்விடத்திலேயே குறித்து, வரைபடத்திற் பதிதல் வேண்டும். பெண்பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆயின் மாணவர் விரிவுரையாளருடன் குழுவாகவே செல்வது வழக்கம். தம் சொந்த ஆய்வுக்குச் செல்வோரும் துணையின்றிச் செல்லலாகாது. பெண்கள் பலர் இன்று இத்துறையிலே சிறப்பாகப் பணிபுரிகின்றனர்.

களத்திற் கண்டது ஆய்வுகூடத்திற் சோதிக்கப்பட வேண்டும். பாறையைச் சீவித் தேய்த்து, ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்கு தடிப்புக்குக் கொணர்ந்தால், பெரும்பாலான கனிப்பொருள்களினூடே ஒளி புகும். முனைவாக்கிய ஒளியுடன் நுணுக்குக்காட்டியால் நோக்கி, நிறத்தையும் உருவையும் கொண்டு அவற்றை இனங்காண்பர்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. கலைப்பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியைக் கலைவழி அறிந்த அளவுக்குக் கல்வழி நம்மவர் அறியார். சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், இலண்டனிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணியின் முதற் பணிப்பாளராக 1903-ஆம் ஆண்டு முதல் 1906-ஆம் ஆண்டு வரை கடமையாற்றினார். 1904-ஆம் ஆண்டிலே, இந்நாட்டிற் கிடைத்த கருநிறக் கனிப்பொருளொன்றை அவர் யுரேனினைற்று எனக் கருதினார். இலண்டனிலே டன்ஸ்ரன் என்னும் இரசாயன அறிஞர் அதனைப் பகுத்தாராய்ந்து, தோரியம் மிக்க புதுக் கனிப்பொருள் அது என்று காட்டினார். தோரியனைற்று என்று உலகம் அழைப்பது அதனையே. பேரறிஞர் கண்ணாயினும் சோதனைக்குட்பட்டதே என்பது இதனாற் புலனாகும்.

ஆய்வேடு

ஆராய்ச்சி முதுமாணியின் உயிர்நிலை ஆய்வேடு. கேள்வி சிறிதாயும் தெளிவாயும் இருத்தல் வேண்டும். 'யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர்' என்பது ஆய்வுக்குரிய கேள்வியன்று, அது கடல். 'இக்கிராமத்துக் கிணறுகளின் உவர்த்தன்மை மாரிக்கு முன்னும் பின்னும் எவ்வாறு மாறுகின்றது?' என்பதே கேள்வி. அதற்கு விடைகாண, குறித்த கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் நீரெடுத்து, மின்கடத்துதிறனையும் குளோரைட்டையும் அளந்து, மழையளவோடும் கடற்கரைத் தூரத்தோடும் ஒப்பிட வேண்டும். ஒரு மாதம் தவறினால் அடுத்த மாரிவரை காத்திருக்க நேரும்.

எழுதி முடித்தபின் மேற்பார்வையாளரும் பரீட்சகரும் ஆய்வேட்டைப் படிப்பர். வாய்மொழிப் பரீட்சையிலே ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரம் கேட்பர். எதிர்பார்த்தது பொய்த்ததெனின் அதனையும் உள்ளவாறே எழுதுதல் குறையன்று. காணாததைக் கண்டதாக எழுதுவதே குற்றம். ஒருவர் ஒப்பமிட்ட வரைபடத்தை நம்பி மற்றொருவர் கிணறு தோண்டுகிறார், வீடு கட்டுகிறார்.

பிறநாடுகளில்

பிரித்தானியாவிலே முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுக்குரியது. அந்நாட்டு முறைப்படி 180 புள்ளிகள் கொண்டது. அமெரிக்காவிலே பொதுவாக 30 புள்ளியளவில் ஈராண்டு செல்லும். ஆய்வேடு எழுதும் மாணவருட் சிலருக்குக் கற்பித்தலுதவிப் பதவியும் வேதனமும் கிடைப்பதுண்டு. இந்தியாவிலே ஈராண்டு. புள்ளிகளின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தொகையை மட்டும் கொண்டு ஒன்று எளிது, மற்றொன்று கடிது என்று முடிவு கட்டலாகாது.

விண்ணப்பம் அனுப்புமுன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கவேண்டியவை சில உள. பட்டம் எந்தப் படியைச் சார்ந்தது? ஆராய்ச்சிக்கு எத்தனை புள்ளி? நாம் விரும்பும் பொருளில் மேற்பார்வை செய்ய ஒருவர் உளரா? களப்பயணத்தின் செலவு யாரைச் சார்ந்தது? இவற்றுக்கு எழுத்திலே விடை பெற்ற பின் கட்டணம் செலுத்துங்கள். பெற்றோரே, பிள்ளை கல்லைப் படிக்கப் போகிறேன் என்றால் நகையாதீர்கள். நம் கிணற்றில் நாளையும் நன்னீர் ஊறுமா என்று சொல்லப் போகிறவர் அப்பிள்ளையாகவும் இருக்கலாம்.