குருதி மீளும் நாட்கள்: மூலக்கல மாற்றீட்டின் பின்னர் நிகழ்வது பற்றிய ஒரு விளக்கம்

யாழ்ப்பாணத்துக்கும் வேலூருக்குமிடையிலான மருத்துவத் தொடர்பு பழமையானது. 1820 இல் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிசனரி ஜோன் ஸ்கடரின் பேத்தியே 1900 இல் வேலூரிற் சிறு மருந்தகமொன்றைத் திறந்த ஐடா ஸ்கடர். பின்னாளிற் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனத்தில் 1986 இல் என்பு மச்சை மாற்றீடு ஆரம்பமாயிற்று. ஸ்கடரின் பின் மானிப்பாயிற் பணிபுரிந்த சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததையும் அதற்கென நூல்களைத் தமிழாக்கியதையும் நாம் அறிவோம். மிசனரிமாரின் நோக்கங்கள் குறித்து நமக்கு மயக்கமில்லை. ஆயினும், மருத்துவ அறிவு மக்கள் மொழியில் நிகழவேண்டும் என்ற கிறீனின் நிலைப்பாடு இன்றும் நிறைவேறாத ஒன்றாகவே உள்ளது. குருதிப் புற்றுநோயாளியின் உறவினர் கையிற் கிடைக்கும் பரிசோதனைத் தாள் ஆங்கிலத்திலேயே அமைகிறது. அத்தாளிலுள்ள ஓரிரு எண்களுக்காகக் குடும்பமொன்று இரவு பகலாகக் காத்திருக்கிறது. அவ்வெண்களின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதி உடலில் ஒருமுறை நிரப்பப்பட்டு நிலைத்திருக்கும் பொருளன்று. இடையறாத உற்பத்தியின் விளைவு. செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்களும், குருதிச் சிறுதட்டு 8 முதல் 10 நாட்கள் வரையும் வாழ்வன. கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் வெண்குழியமாகிய நடுநிலைநாடியோ குருதியோட்டத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. எனவே என்பு மச்சை நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடி செங்குழியங்களையும், அதிற் பாதியளவு நடுநிலைநாடிகளையும் ஆக்கவேண்டியுள்ளது. இவையனைத்துக்கும் மூலமாக நிற்பவை எண்ணிக்கையில் மிகச் சிலவாகிய மூலக்கலங்களே.

லியூக்கேமியாவில், முதிர்ச்சியடையாத வெண்குழியங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மச்சையை ஆக்கிரமித்துக்கொள்கின்றன. மாற்றீட்டின்போது கடும் மருந்துகளாலோ, சில வேளைகளில் கதிர்வீச்சையும் சேர்த்தோ, நோயுற்ற மச்சை அழிக்கப்படுகிறது. அதன் பின் கொடையாளியின் மூலக்கலங்கள் செலுத்தப்படும் நாள் ‘பூச்சிய நாள்’ எனப்படும். எல்லாக் கணக்கும் அந்நாளிலிருந்தே தொடங்கும். இதனைச் சத்திரசிகிச்சை எனப் பலர் எண்ணுகின்றனர். முதுகுத்தண்டிலிருந்து எதையோ உறிஞ்சி எடுப்பர் என்ற அச்சத்தினாற் கொடையளிக்க மறுப்போரும் உளர். இரண்டும் தவறு. மச்சை எடுக்கப்படுவது இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து. இன்று பெரும்பாலும் அதுவுமின்றி, ஊசிமருந்தின் தூண்டுதலால் மூலக்கலங்களைக் குருதியோட்டத்துக்கு வரச்செய்து, கையின் நாளத்தினூடாகவே பிரித்தெடுக்கின்றனர். நோயாளிக்கும் அவை குருதியேற்றுவது போலவே நாளத்தின் வழியாகச் செல்கின்றன. மச்சை வெளியிடும் இரசாயனச் சமிக்ஞைகளைப் பற்றிக்கொண்டு அவை தாமே உரிய இடத்தை அடைகின்றன என்பது வியப்புக்குரியது.

அடைந்தவுடன் பயன் தெரிவதில்லை. முதல் இரு வாரங்கள் வெறுமையின் நாட்கள். நடுநிலைநாடிகளின் எண்ணிக்கை பூச்சியத்தை அண்மிக்கும், வாய் புண்ணாகும், 38 பாகை செல்சியசைத் தொடும் காய்ச்சல்கூட உயிராபத்தாகக் கருதப்படும். பின்னர் எண்ணிக்கை மெல்ல ஏறும். ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் 500 நடுநிலைநாடிகள் எனும் அளவை அது தொடர்ந்து மூன்று நாட்கள் எட்டினால், அம்மூன்றில் முதல் நாளே மாற்றீடு வேரூன்றிய நாளாகக் கொள்ளப்படும். 500 இற்குக் கீழே தொற்றின் ஆபத்து கடுமையாக உயர்வதால் அவ்வெல்லை வகுக்கப்பட்டது. குருதியோட்டத்திலிருந்து பெற்ற மூலக்கலங்களாயின் இதற்குப் பெரும்பாலும் இரு வாரங்களும், மச்சையிலிருந்து பெற்றவையாயின் மூன்று வாரங்கள் வரையும், தொப்புள்கொடிக் குருதியாயின் அதனினும் மேலாகவும் செல்லும். பக்கத்துக் கட்டில் நோயாளியின் எண் முந்திவிட்டதே எனக் கலங்குவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். சிறுதட்டுகளின் மீட்சி பொதுவாகப் பிந்தியே வரும். புறத்தேயிருந்து ஏற்றாமல் ஏழு நாட்கள் 20,000 இற்கு மேல் நின்றாலே அது மீட்சியெனக் கணிக்கப்படும். செங்குழியம் எல்லாவற்றிலும் ஆறுதலாக நிறைவுறும். கொடையாளியின் குருதிவகை வேறாயின், நோயாளியின் குருதிவகையும் சில மாதங்களில் அதுவாகவே மாறிவிடும்.

எண்ணிக்கை மீண்டமை நோய் நீங்கியமைக்குச் சான்றன்று. புதிய கலங்கள் யாருடையவை, கொடையாளியுடையவையா பழைய மச்சையின் எச்சமா என்பதைத் தனியாகச் சோதித்தறிய வேண்டும். நிணநீர்க்குழியங்கள் முழு ஆற்றல் பெற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். சிறுவயதில் ஏற்றிய தடுப்பூசிகளையும் மீள ஏற்றவேண்டியிருக்கும். கொடையாளியின் கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமெனத் தாக்குவதும் உண்டு. அதே பகைமையே எஞ்சிய புற்றுக்கலங்களையும் அழிக்கிறது. ஒன்றே தீங்காகவும் காப்பாகவும் தொழிற்படும் இம்முரண்பாட்டைச் சமன்செய்வதே இச்சிகிச்சையின் தலையாய சிக்கல் எனலாம்.

இனி, இம்மீட்சி உடலியல் நிகழ்வு மாத்திரமன்று. வெறுமையின் நாட்களில் நோயாளியைத் தாங்குபவை பிறர் தரும் சிறுதட்டுகள். அவற்றை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு மேற் சேமிக்க இயலாது. ஆகவே இரத்ததான முகாம் ஆண்டுக்கொரு சடங்காக நின்றுவிட்டாற் பயனில்லை. உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றே. நம் குடும்பங்களிலோ அண்ணன் ரொறன்ரோவில், தங்கை பாரிசில். போர் சிதறடித்த உறவுகளை வீசாவும் விமானச் சீட்டும் கொண்டே ஒன்றுசேர்க்க வேண்டியுள்ளது. மச்சான் மச்சாள் திருமணம் வழங்கும் குடும்பங்களில், உடன்பிறந்தாருக்கு அப்பாலும் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது ஆராயத்தக்கது. பாதிப் பொருத்தமுடைய பெற்றோரோ பிள்ளையோ கொடையளிக்கும் முறையும் அண்மைக்காலத்திற் பரவியுள்ளமை நம்பிக்கை தருவதாகும்.

மாற்றீட்டின் பின் முதல் நூறு நாட்களளவில் வைத்தியசாலைக்கு அண்மையில் தங்கவேண்டும். காணியை ஈடுவைத்து வேலூர் செல்பவருக்கு மருந்தின் விலையோடு வாடகையும் சுமையாகிறது. கூலித் தொழிலாளிக்கு ஈடுவைக்கவும் காணியில்லை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட மக்கள் நிதி தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையை எழுப்ப உதவியது. அவ்வாறான கூட்டு முயற்சி, ஊர் திரும்பிய மாற்றீட்டு நோயாளிகளின் தங்குமிடம், பயணம், சிறுதட்டுக் கொடையாளர் பட்டியல் ஆகியவற்றையும் தன் பொறுப்பிற் கொள்ளலாம். பரிசோதனைத் தாளைத் தமிழிலும் தருவதற்கோ பெருநிதி எதுவும் வேண்டியதில்லை.