தலைப்பாரம்

ஆடி கடைசி வெள்ளி நெருங்கினால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களிலிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வேன்களும் கார்களும் கிளம்பும். ஆட்கள் ஏறியதும் உள்ளே இடம் இருக்காது. அண்டா, அரிசி மூட்டை, விறகுக்கட்டு, தண்ணீர் கேன் எல்லாம் மேலே கேரியருக்குப் போய்விடும். நைலான் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி, ஒரு இழு இழுத்துப் பார்ப்பார்கள். அசையவில்லை என்றால் வண்டி புறப்பட்டுவிடும்.

கயிறு அறாமலேயே வண்டி கவிழலாம் என்பதுதான் கவலை.

ஒரு கணக்குப் போடலாம். 1,300 கிலோ எடையுள்ள காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.9 மீட்டர் உயரத்தில் 100 கிலோ சரக்கு ஏறினால், கூடும் எடை 8 சதவீதம்கூட இல்லை. ஈர்ப்பு மையமோ 74 செ.மீ.க்கு, அதாவது ஏறத்தாழ 14 சதவீதம், மேலே போய்விடுகிறது. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை இந்த உயரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு, ஒரு வாகனம் எவ்வளவு எளிதில் கவிழும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. அகலம் 1.5 மீட்டர் என்றால் நம் காரின் எண் 1.15-லிருந்து 1.01-க்கு இறங்குகிறது. எண் குறைந்தால் ஆபத்து கூடுகிறது. கிலோவை மட்டும் பார்க்கிறவர்கள் உயரத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

கரிசல் பூமியில் வண்டி கவிழக் கூடுதல் காரணமும் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே கிடக்கும் தார்ச்சாலையும் கூடவே நெளியும், ஓரம் அமுங்கும். ஐப்பசி மழையில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி இடப்பக்கச் சக்கரம் தாரை விட்டு இறங்கினால், சேறு உள்வாங்கி வண்டி சாய்கிறது. மேலே பாரம் இருந்தால் அந்தச் சாய்வு இன்னும் அதிகமாகும். பதறிப்போய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவதுதான் அப்போது செய்யக்கூடாத காரியம்.

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறினால் காற்றின் ஆட்டம். 40 கி.மீ. வேகத்தை 80 ஆக்கினால் எதிர்க்காற்றின் அழுத்தம் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகும். 80-ல் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது சுமார் 30 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். மெத்தை, பிளைவுட் பலகை போன்றவற்றின் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் காற்று அடியில் புகுந்து கிளப்பிவிடும். மரம் குறைந்த வெட்டவெளியில் ஆடிக்காற்று பக்கவாட்டில் வேறு மோதும்.

பல கார்களுக்கு மேற்கூரை தாங்கும் எடை 50 முதல் 100 கிலோதான். கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். வண்டியோடு வரும் கையேட்டில் அது இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டோ, அளவுக்கு மீறி உயர்ந்தோ நிற்கும் சரக்குக்கு, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

தண்ணீரை மேலே ஏற்றவே கூடாது. 50 லிட்டர் என்றால் 50 கிலோ. பாதி நிரம்பிய கேனில் வளைவுதோறும் அந்த எடை ஒரு பக்கமாக ஒதுங்கும். அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் வண்டிக்குள் தரையோடு இருக்கட்டும். பாயும் தலையணையும் காலி அண்டாவும் மேலே போகலாம். அண்டாவைக் கவிழ்த்து வைத்து, இரண்டு காதிலும் கயிற்றைக் கோத்துக் கேரியர் கம்பியில் முடிச்சிட வேண்டும். குறுக்கே கட்டினால் மட்டும் போதாது. பிரேக் அடித்தால் சரக்கு முன்னால் பாயும், ஆகவே முன்னும் பின்னும் இழுத்துக் கட்டுவது அவசியம். நைலான் இழுவையில் நீளும், ஓட்டத்தில் சரக்கும் அமுங்கும். அதனால் புறப்பட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் மறுபடி இறுக்க வேண்டும்.