வாசற்படிக்கு உள்ளே வளர்ந்த குரல்

சென்னையிலாயினும் விழுப்புரத்திலாயினும் திருநங்கையரைக் கண்டிராத தமிழர் அரியர். சித்திரா பௌர்ணமியையொட்டிக் கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலில் அவர்கள் திரளுவதைப் பத்திரிகைகள் ஆண்டு தவறாமல் படமெடுத்து வெளியிடுகின்றன. ஆயின், பெண்மகவென்று வளர்க்கப்பெற்றுத் தம்மை ஆணென உணர்ந்து வாழும் திருநம்பியருள் ஒருவரையேனும் நேரில் அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சொற்பம் என்று சமாதானம் கூறுவாருண்டு. எனக்கு அது திருப்தி தரவில்லை. அவர்களை நம் கண்ணுக்குப் புலப்படாமல் செய்திருப்பது நம் வீட்டு வாசற்படியே என்று நான் கருதுகிறேன்.

பதினைந்து வயதுப் பையன் இரவு ஒன்பது மணிவரை வீடு திரும்பாவிட்டால், "எங்கேயாவது சுற்றிவிட்டு வருவான்" என்று சோற்றை மூடி வைக்கிற அதே தாய், அதே வயதுப் பெண் ஆறு மணிக்கு வராவிட்டால் தெருமுனையில் வந்து நிற்கிறாள். நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரிகிறதென்று அடியும் ஏச்சும் பட்டுப் பொறுக்கமாட்டாத பிள்ளை, பையனாக வளர்க்கப்பட்ட காரணத்தினாலேயே, ஒருநாள் பஸ் ஏறிவிட முடிகிறது. ரயிலடியில் படுத்துறங்கவும் முன்பின் அறியாத ஊரில் வழி கேட்கவும் அந்த வளர்ப்பே பழக்கியிருக்கிறது. பெண்ணாக வளர்க்கப்பட்ட பிள்ளை வெளியேறினாலோ, பெண் ஓடிப்போய்விட்டாள் என்று போலீஸில் புகார் எழுதப்படுகிறது. மீட்டு வந்த கையோடு மாப்பிள்ளை பார்க்கப்படுகிறது.

இதனால் ஆண் வளர்ப்பு திருநங்கையருக்கு ஒரு பாக்கியமாக வாய்த்ததென்று எவரும் கொள்ளலாகாது. லிவிங் ஸ்மைல் வித்யா 2007-இல் வெளியிட்ட 'நான், வித்யா' என்ற சுயசரிதத்தைப் படித்தவர்கள், வகுப்பில் முதலிடமே பெறவேண்டுமென்று தந்தையார் விதித்த கடுங்கண்டிப்பையும், மொழியியலில் எம்.ஏ. வரை படித்த அவர் பின்னர் ரயில்களில் கையேந்த நேர்ந்ததையும் மறக்கமாட்டார்கள். ஆண்பிள்ளையென்று ஊட்டப்பட்ட அந்தப் படிப்பே தம் கதையைத் தாமே எழுதும் ஆற்றலை அவருக்குத் தந்தது என்பதும் உண்மை. அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்மை.

வீட்டைத் துறந்து வந்த திருநங்கைக்கு, திருநங்கையர் கூடி வாழும் குழுவாகிய ஜமாத் இரண்டாவது வளர்ப்பொன்றை அளிக்கிறது. குரு தம் சீடராகிய சேலாவை மகளாக ஏற்கிறார்; குருவுக்குக் குரு நானி ஆகிறார்; புடவை கட்டும் விதமும், மூத்தோர் முன் காட்டவேண்டிய பணிவும், கடை கடையாகக் காசு கேட்கப் போகையில் பேசும் முறையும், கைதட்டும் ஓசையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. தெருவில் அவர்களுடைய உரத்த குரலைக் கேட்டு, ஆணாய் வளர்ந்த சுபாவம் இன்னும் போகவில்லையென்று பழிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை; ஏளனம் செய்ய வருகிறவனை எட்டவே நிறுத்துவதற்கு ஒரு தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த தற்காப்பு அது. 2008 ஏப்ரல் 15-இல் தமிழக அரசு அமைத்த வாரியத்திற்கு, திருநங்கையரை அந்நாளில் குறித்த சொல்லால், 'அரவாணிகள் நல வாரியம்' என்றே பெயர் அமைந்தது. கூடி நின்று கேட்க முடிந்தவர்களின் பெயர் பலகையில் ஏறிற்று. வெளியே வந்து கேட்க இயலாத திருநம்பியரின் பெயர் ஏறவில்லை.

வளர்ப்பு பேசுகிறவரை மட்டுமா உருவாக்குகிறது? கேட்கிறவர்களும் இத்தகைய வீடுகளில் வளர்ந்தவர்களே. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நரம்பியல் விஞ்ஞானி பென் பாரெஸ், பெண்ணாக வளர்க்கப்பட்டு, 1997-இல், தம் நாற்பதுகளில், ஆணாக வாழத் தலைப்பட்டவர். எம்.ஐ.டி.யில் மாணவியாகக் கருதப்பட்ட காலத்தில், வகுப்பில் வேறெவரும் தீர்க்காத கடினமான கணக்கொன்றை அவர் தீர்த்தபோது, காதலன்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்றார் பேராசிரியர். ஆணான பிறகு அவருடைய சொற்பொழிவைக் கேட்ட ஒருவர், இவருடைய ஆராய்ச்சி இவர் சகோதரியின் ஆராய்ச்சியைவிட எவ்வளவோ மேலானது என்று சொன்னாராம். அந்தச் 'சகோதரி' அவரேதான். 2006-இல் 'நேச்சர்' இதழில் இவற்றை எழுதிய பாரெஸ், ஆண்கள் குறுக்கிடாமல் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி முடிக்கத் தமக்கு இப்போது இயலுகிறதென்றும் குறிப்பிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் ஆணென அறியப்பட்டுப் பின்னர் பெண்ணாக வாழத் தொடங்கிய உயிரியல் அறிஞர் ஜோன் ரஃப்கார்டனின் அனுபவமோ இதற்கு நேர்மாறு: முன்னர் கேளாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட தகுதியைப் பின்னர் ஒவ்வொரு முறையும் அவர் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

நம் திருநம்பியருக்கு இக்காலத்தில் செல்போன் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வீட்டார் உறங்கிய பின்னர், போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, தாமே தமக்கு இட்டுக்கொண்ட பெயரில் எழுதும் ஓர் இளைஞரை நான் எண்ணிப் பார்க்கிறேன். குருவும் நானியும் இல்லாத அவருக்கு, முகமறியாத மற்றொரு திருநம்பி எங்கோ ஓர் ஊரிலிருந்து "தம்பி" என்று எழுதும் சொல்லே ஜமாத்தாகிறது. ஆனால் வாசற்படி அங்கும் கூடவே வந்துவிடுகிறது. "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா" என்று தொடங்கிய வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறார். குரலைப் பதிந்து அனுப்பச் சொன்னால் மௌனமாகிவிடுகிறார். தம் குரல் இன்னும் பெண்குரலாக ஒலிக்குமே என்ற சங்கோசம் ஒருபுறம். அடுத்த அறையில் தந்தை விழித்துக்கொள்வார் என்ற அச்சம் ஒருபுறம். பெண்பிள்ளை படுக்கும் அறைக் கதவைத் தாழிடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.