இணையவழி அதிரடி வேடமேற்பு விளையாட்டுகளில் போட்டியின் இடம்

அதிரடி வேடமேற்பு விளையாட்டு என்பது, ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் வேடத்தை ஏற்று, நிகழ்நேரத்தில் சண்டையிட்டு, அம்மாந்தரின் திறனையும் கருவிகளையும் படிப்படியாக வளர்த்துக்கொள்ளும் நிகழ்பட விளையாட்டு வகையாகும். ஆடுபவர்கள் இதனைச் சுருக்கமாக ஆக்‌ஷன் ஆர்பிஜி என்பர். டயாப்லோ, மான்ஸ்டர் ஹன்டர், டார்க் சோல்ஸ், கென்ஷின் இம்பாக்ட் முதலியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் பலவற்றை இணையம் வழியாகப் பலர் சேர்ந்து ஆடலாம். அவ்வாறு ஆடும்போது, ஒருவரையொருவர் வெல்லும் போட்டி இருந்தால்தான் பலர் ஆடும் உணர்வு ஏற்படுமா என்பது விளையாட்டு வடிவமைப்பில் நீண்டகாலமாக எழுப்பப்படும் வினா. இக்கட்டுரை அவ்வினாவைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் கலை மரபையும் மலைப்பகுதி இணைய வசதியையும் துணைகொண்டு விளக்குகிறது.

மோதலும் போட்டியும்

மோதல், போட்டி ஆகிய இரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதே இவ்விவாதத்தில் குழப்பத்திற்கு முதற்காரணம். எதிரி இருந்தால் அது மோதல். இருவரில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும் என்றால் அது போட்டி. நால்வர் சேர்ந்து ஓர் அரக்கனை வீழ்த்தும் ஆட்டத்தில் மோதல் உண்டு. ஆனால் அந்நால்வருக்கிடையே போட்டி இல்லை.

பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கையுவா 1958-ஆம் ஆண்டில் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், வேடம், தலைசுற்றும் கிளர்ச்சி என நான்காகப் பகுத்தார். இப்பகுப்பில் போட்டியும் வேடமேற்பும் தனித்தனி வகைகள். இரண்டும் ஒரே விளையாட்டில் சேரலாம். ஆனால் வேடமேற்புக்குப் போட்டி கட்டாயம் இல்லை.

படுகளம்: உள்ளூர் முன்மாதிரி

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இவ்வட்டாரம் உள்ளிட்ட வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களும் அவற்றையொட்டிய தெருக்கூத்தும் வேரூன்றியவை. பல நாள் பாரதம் படித்து, இரவில் கூத்து நடத்தி, இறுதியில் படுகளம் நிகழ்த்துவர். திறந்தவெளியில் துரியோதனனின் உருவம் மிகப் பெரிதாக மண்ணால் படுத்த நிலையில் அமைக்கப்படும். பீமன் வேடமிட்டவரும் துரியோதனன் வேடமிட்டவரும் அதனைச் சுற்றி மோதுவர். துரியோதனன் வீழ்ந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பார். பின்னர் தீமிதி நடைபெறும்.

இது வழிபாட்டு நிகழ்வு, விளையாட்டு அன்று. எனினும் நம் வினாவுக்கு இதில் தெளிவான விடை கிடைக்கிறது. யார் வெல்வார் என்பது கூடியிருக்கும் அனைவருக்கும் முன்பே தெரியும். வேடமிட்ட இருவரும் ஒரே குழுவினர்; ஒருவர் அடிக்கும் வேகத்துக்கு மற்றவர் ஈடுகொடுத்தால்தான் காட்சி அமையும். களத்தில் மோதல் கடுமையாக இருக்கிறது, போட்டி துளியும் இல்லை. ஆயினும் அதைத் தனியாள் நிகழ்வு என்று எவரும் சொல்லார். மண் சுமந்தவர், உருவம் வடித்தவர், மத்தளம் வாசித்தவர், விரதம் இருந்தவர் என ஊரே அதில் பங்கேற்கிறது.

இணைய விளையாட்டில் பலர் ஒன்றுகூடி வீழ்த்தும் பேரெதிரியும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. 2023-இல் வெளிவந்த டயாப்லோ 4 விளையாட்டில், குறித்த நேரத்தில் தோன்றும் பேரெதிரியை முன்பின் அறியாதவர்கள் ஓரிடத்தில் கூடித் தாக்குகின்றனர்.

வரலாற்றில் இரு வழிகள்

1996-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான டயாப்லோ, பேட்டில்.நெட் என்னும் சேவை வழியாக நால்வர் வரை சேர்ந்து ஆட இடமளித்தது. அதில் உடன் ஆடுபவரையே கொல்லவும் முடிந்தது. கொல்லப்பட்டவரின் காது வெற்றிச் சின்னமாகக் கீழே விழும். 2000-இல் வந்த டயாப்லோ 2-இல், ஒருவரைத் தாக்குவதற்கு முன் பகையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் வீழ்ந்த எதிரியிடமிருந்து சிதறும் பொருள்கள் பொதுவானவை. யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கே சொந்தம். ஆகவே நண்பர்களிடையே ஒரு மறைமுகப் போட்டி எப்போதும் இருந்தது. 2012-இல் வந்த டயாப்லோ 3 ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருள்களை வழங்கி அதனை நீக்கியது. அதன் பின்னும் மக்கள் அதனைக் கூட்டாகவே ஆடினர்.

மற்றொரு வழி தொடக்கத்திலிருந்தே கூட்டுறவை மையமாகக் கொண்டது. 2000 டிசம்பரில் சப்பானில் வெளியான ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன், நால்வர் குழுவை மட்டுமே முன்வைத்தது. தேர்ந்தெடுத்த சொற்றொடர்கள் தாமாகவே மொழிபெயர்க்கப்பட்டதால், வெவ்வேறு மொழி பேசுவோரும் சேர்ந்து ஆடினர். ஒருவரோடொருவர் மோதும் முறை அதன் அடுத்த பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. 2004-இல் தொடங்கிய மான்ஸ்டர் ஹன்டர் வரிசையில், வழக்கமான வேட்டையில் குழுவினர் மொத்தம் மூன்று முறை மயங்கி விழுந்தால் வேட்டையே தோல்வியாகும். ஒருவர் கவனக்குறைவு நால்வரையும் பாதிக்கும். ஒருவர் கொடுக்கும் மருந்து நால்வரையும் காக்கும்.

போட்டியின்றிப் பலர் இருக்கும் உணர்வு உருவாகும் விதம்

1. பகிர்ந்த விளைவு: ஒருவரின் செயல் மற்றவரின் வெற்றி தோல்வியை மாற்ற வேண்டும். மேற்சொன்ன மூன்று மயக்க விதி இதற்கு எடுத்துக்காட்டு.

2. ஒருவரையொருவர் சார்ந்திருத்தல்: தாங்குபவர், தாக்குபவர், குணப்படுத்துபவர் என வேலை பிரிந்திருந்தால் ஒவ்வொருவரும் தேவைப்படுகின்றனர்.

3. பிறர் விட்டுச்சென்ற தடம்: 2009-இல் வெளியான டீமன்ஸ் சோல்ஸ் விளையாட்டில், பிறர் எழுதிவைத்த குறிப்புகள் தரையில் தெரியும். அவர்கள் இறந்த இடத்தில் குருதிக்கறை இருக்கும். அதைத் தொட்டால் அவர்களின் கடைசி நொடிகள் நிழலாகத் தோன்றும். எழுதியவர் அந்நேரத்தில் இணைப்பில் இருக்கத் தேவையில்லை. மலைப்பாதையில் முன்சென்றவர் ஒடித்துப் போட்ட கிளையைப் பார்த்து வழி அறிவது போன்றது இது.

4. காண்போர் இருத்தல்: வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை ஆராய்ந்து 2006-இல் நிக்கோலா டுஷ்னோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு, பலர் அதில் பெரும்பாலும் தனியாகவே ஆடுவதையும், அவர்களுக்குப் பிறர் பார்வையாளராகவும் துணையாகவும் காட்சியாகவும் அமைவதையும் சுட்டியது.

போட்டியை நீக்கினால் மட்டும் கூட்டு உணர்வு வந்துவிடாது என்பதும் கருதத்தக்கது. 2020 செப்டம்பரில் வெளியான கென்ஷின் இம்பாக்டில் நால்வர் வரை ஓர் உலகில் சேரலாம்; கதைமாந்தர்கள் ஒருவரையொருவர் தாக்கும் சண்டைமுறை இல்லை. ஆனால் விருந்தினராகச் செல்பவர் அவ்வுலகின் புதையல் பெட்டிகளைத் திறக்க முடியாது. அவை உலகின் உரிமையாளருக்கே உரியவை. பெரும்பாலான பணிகளைத் தனியாகவே முடித்துவிடலாம். இதனால் அங்கே உடன் வருபவர் நண்பராக இருந்தாலும், ஆட்டத்துக்கு இன்றியமையாதவர் ஆவதில்லை. குறைவது போட்டி அன்று, சார்பு.

போட்டியின் பயன்கள்

போட்டியைத் தேவையற்றது என ஒதுக்கிவிடவும் முடியாது. எந்திரம் இயக்கும் எதிரியின் அசைவுகள் நாளடைவில் மனப்பாடமாகிவிடும். மனித எதிரி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிந்திப்பார். ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரையில் ஆடுபவர்களைச் சாதிப்போர், தேடுவோர், பழகுவோர், பிறரை வீழ்த்துவோர் என நான்காகப் பிரித்தார். நிக் யீ 2006-இல் வெளியிட்ட ஆய்வில் போட்டி விருப்பம் சாதனை சார்ந்த உந்துதலிலும், குழுவாகச் செயல்படும் விருப்பம் சமூக உந்துதலிலும் அடங்கின. ஒரே விளையாட்டுக்கு மக்கள் வெவ்வேறு காரணங்களுக்காக வருகின்றனர் என்பதே இவற்றின் சாரம்.

எனவே பல விளையாட்டுகள் போட்டியை விருப்பத் தேர்வாக வைக்கின்றன. டயாப்லோ 4-இல் அதற்கெனத் தனி நிலப்பகுதிகள் உள்ளன; விரும்பாதவர் அங்கே சென்றாலும் பகை பூணாமல் இருக்கலாம். 2022-இல் வெளியான எல்டன் ரிங்கில், தனியாக ஆடுபவரின் உலகில் வழக்கமாக அயலார் படையெடுக்க முடியாது. துணைக்கு ஒருவரை அழைக்கும்போதே அந்த ஆபத்தும் திறக்கிறது.

மலைப்பகுதியும் இணைய இணைப்பும்

இவ்வினா வெறும் சுவை பற்றியது அன்று. யாரால் ஆட முடியும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. கள்ளக்குறிச்சி நகரில் இழைவழி இணைப்புடன் ஆடும் மாணவரையும், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சிற்றூரில் கைப்பேசி அலைவரிசையை நம்பி ஆடும் மாணவரையும் எடுத்துக்கொள்வோம். மேடும் பள்ளமும் காடும் அலைகளை மறைப்பதால், மலைச்சரிவுகளில் சமிக்ஞை இடத்துக்கு இடம் மாறும். கட்டளை வழங்கிக்குச் சென்று திரும்பும் தாமதமும் ஏறி இறங்கும்.

நொடிக்கு 60 சட்டங்கள் காட்டும் ஆட்டத்தில் ஒரு சட்டத்தின் நேரம் ஏறத்தாழ 17 மில்லிநொடி. 200 மில்லிநொடித் தாமதம் என்றால் ஏறத்தாழ 12 சட்டங்கள் பிந்துகின்றன. இருவர் நேருக்கு நேர் மோதும்போது இத்தாமதமே முடிவைத் தீர்மானித்துவிடும். மலையில் இருப்பவர் திறமை குறைந்து தோற்கவில்லை, தொலைவால் தோற்கிறார். கூட்டுறவு ஆட்டத்தில் அதே தாமதம் சிறு இடையூறாக மட்டுமே நிற்கும். அரக்கன் யாரிடமும் முறையிடப்போவதில்லை; ஒருவர் பிந்தினால் மற்ற மூவர் ஈடுகட்டலாம். குறிப்பும் தடமும் விட்டுச்செல்லும் முறையில், இணைப்பு கிடைக்கும் சில நிமிடங்களே போதும்.

சட்டம் வரையும் எல்லை

2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இந்திய இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், இணைய விளையாட்டுகளை மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூன்றாகப் பிரிக்கிறது. ஒழுங்கமைக்கப்பட்ட போட்டி என்பது மின்விளையாட்டின் வரையறைக்குள் வருகிறது. பணம் பந்தயமாக வைக்கப்படாத பொழுதுபோக்கு ஆட்டங்கள் சமூக விளையாட்டில் அடங்கும். பண விளையாட்டுகள் தடைசெய்யப்பட்டுள்ளன. சட்டத்தின் பார்வையிலும் பலர் ஆடுவதற்குப் போட்டி கட்டாயமான அடையாளம் அன்று.

தொகுப்பு

பலர் ஆடும் உணர்வைத் தருவது போட்டி என்பதைவிட, பிறரின் இருப்பு ஆட்டத்தில் மாற்றத்தை உண்டாக்குவது என்பதே பொருத்தம். போட்டி அம்மாற்றத்தை உண்டாக்கும் வழிகளுள் ஒன்று, எளிதானதும் கூட. ஒரு விளையாட்டை மதிப்பிட விரும்பும் மாணவர் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்: உடன் ஆடுபவர் இப்போது விலகிச் சென்றால் எனக்கு என்ன குறையும்? எதுவும் குறையாது எனில், திரையில் எத்தனை பேர் நின்றாலும் அது தனியாள் ஆட்டமே. தோற்கடிக்க ஆள் இல்லாமல் போகிறது எனில் அது போட்டி ஆட்டம். கைகொடுக்க ஆள் இல்லாமல் போகிறது எனில், போட்டி இல்லாவிடினும் அது பலர் ஆடும் விளையாட்டுதான்.