பூக்க விடப்படாத செடி: தேயிலையும் சிறு ஆர்.என்.ஏ.க்களும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா வரை படர்ந்திருக்கும் தேயிலை மலைகளில், ஒரு தாவரத்தின் இயல்பான வாழ்க்கையில் பாதி நிகழ விடாமல் தடுக்கப்பட்டிருக்கிறது. தன்போக்கில் வளரவிட்டால் மரமாக உயர்ந்து, வெண்ணிற அல்லிகளுக்கு நடுவே மஞ்சள் கேசரங்கள் நிறைந்த பூக்களைப் பூத்து, ஏறத்தாழ ஓராண்டு எடுத்துக்கொண்டு விதையை முற்றவைக்கக்கூடிய அந்தத் தாவரம், வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து பறிக்கப்பட்டும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்பட்டும், இடுப்பளவு உயரத்தில் இலை தரும் நிலையிலேயே நிறுத்திவைக்கப்படுகிறது. பூவுக்கும் காய்க்கும் சர்க்கரை சென்றுவிட்டால் கொழுந்துக்குக் கிடைப்பது குறையும் என்பதால், பூத்து நிற்கும் தேயிலையை எந்தத் தோட்டமும் விரும்புவதில்லை. ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும் புதிய இனத்தை உருவாக்க முனைபவருக்கு அந்தப் பூவைத் தவிர வேறு வழி கிடையாது. இரண்டு பெற்றோர்ச் செடிகளின் குணங்கள் ஒன்றுகலப்பது பூவுக்குள் மட்டுமே நிகழ்கிறது. இலையா, பூவா என்ற இந்த இழுபறியின் ஒரு பெரும் பகுதியைக் கலங்களுக்குள் தீர்மானிப்பவை, 20 முதல் 24 எழுத்துகள் மட்டுமே நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் என்பதைக் கடந்த முப்பது ஆண்டு கால ஆய்வுகள் வெளிக்கொணர்ந்துள்ளன.

இந்த அறிவின் தொடக்கங்களுள் ஒன்று பெட்டூனியாப் பூவில் இருக்கிறது. அதன் ஊதா நிறத்தை மேலும் ஆழமாக்கும் நோக்கில், நிறமியை உண்டாக்கும் மரபணுவின் கூடுதல் பிரதியொன்றைக் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழுவினர் செடிக்குள் செலுத்தினர். 1990 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பல செடிகளில் நிறம் கூடுவதற்குப் பதிலாக வெண்ணிறப் பூக்களும் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பூக்களும் தோன்றின. புதிதாக வந்த மரபணு, செடியில் ஏற்கெனவே இருந்த மரபணுவையும் சேர்த்து வாயடைக்கச் செய்திருந்தது. அங்கே கையாளப்பட்ட மரபணு ‘சால்கோன் சிந்தேஸ்’ என்ற நொதியத்துக்குரியது என்பதும், தேயிலைக் கொழுந்தின் துவர்ப்புக்குக் காரணமான கட்டெக்கின்கள் உருவாகும் இரசாயனப் பாதையின் முதற்படியில் நிற்பதும் அதே நொதியம் என்பதும் மலையக வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி. 1993 இல் விக்டர் அம்புரோசும் கேரி ரவ்கனும் ஒரு நுண்புழுவில் முதலாவது மைக்ரோ ஆர்.என்.ஏ.யைக் கண்டறிந்தனர், அதற்கான நோபல் பரிசு 2024 இல்தான் அவர்களை வந்தடைந்தது. தாவரங்களில் வாயடைப்பு நிகழும் இடங்களில் எல்லாம் ஏறத்தாழ 25 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டுகள் காணப்படுகின்றன என்பதை அண்ட்ரூ ஹமில்டனும் டேவிட் போல்கொம்பும் 1999 இல் காட்டிய பின்னரே, பெட்டூனியாவின் புதிர் அவிழத் தொடங்கியது.

இவற்றின் செயல்முறை, அளவில் சிறியதாயினும் திட்டம் மிக்கது. டி.என்.ஏ.யில் உள்ள மரபணு ஒன்று செயற்பட வேண்டுமாயின் அதன் பிரதியாகத் தூது ஆர்.என்.ஏ. எழுதப்பட்டு, அதைப் படித்தே புரதம் கட்டப்படுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவின் பிரதியோ புரதமாவதில்லை. அது தன்மீதே மடிந்து கொண்டை ஊசி வடிவம் பெற, ‘டைசர்’ வகை நொதியம் அதை 21 எழுத்துகள் கொண்ட சிறு துண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டை ‘ஆர்கோனோட்’ என்னும் புரதம் ஏந்திக்கொண்டு, அதன் எழுத்துகளுக்கு இணைசேரும் எழுத்துகளைத் தாங்கிய தூது ஆர்.என்.ஏ.க்களைத் தேடிப் பிடித்து வெட்டிவிடுகிறது, அல்லது அவற்றிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கிறது. 24 எழுத்துகள் கொண்ட மற்றொரு வகையினதோ வேலை வேறு: அவை டி.என்.ஏ.யின் குறித்த பகுதிகளில் மெதைல் என்ற இரசாயனக் குறிகளை இடச்செய்து, அந்தப் பகுதிகளிலிருந்து பிரதியெடுப்பதையே நிறுத்திவிடுகின்றன. எந்தத் தூதை அழிப்பது, எந்தப் பகுதியை மூடுவது என்பதை அந்தச் சில எழுத்துகளின் வரிசையே தீர்மானிப்பதால், இத்தகைய கட்டுப்பாடு வியப்பூட்டும் துல்லியம் உடையதாகிறது.

தாவரத்தின் வயதை அதன் கலங்கள் அறிந்துகொள்வதும் இவ்வழியிலேயே. முளைத்த நாற்றில் 156 என்ற எண்ணால் குறிக்கப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகுதியாக இருக்கிறது, அது ‘எஸ்.பி.எல்.’ என்ற புரதக் குடும்பத்தை அடக்கி வைத்திருக்கும் வரை செடி இளமை நிலையிலேயே இருந்து, பூக்கத் தூண்டும் சூழல் வாய்த்தாலும் எளிதில் பூப்பதில்லை. வயது கூடக்கூட 156 குறைகிறது, எஸ்.பி.எல். புரதங்கள் மேலோங்குகின்றன, அவற்றின் தூண்டுதலால் 172 என்ற மற்றொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பெருகிப் பூத்தலைத் தடுத்துவந்த புரதங்களை அகற்றுகிறது. அரபிடோப்சிஸ் என்ற சிறிய ஆய்வுச் செடியில் கண்டறியப்பட்ட இந்த ஒழுங்கு, பல ஆண்டுகள் வாழும் மரங்களிலும் உண்டு என்பதை அக்கேசியா, யூகலிப்டஸ், ஓக், பொப்லர் முதலியவற்றை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்டனர். நுவரெலியாச் சரிவுகளிலும் வளர்க்கப்படும் யூகலிப்டஸ் இனங்கள் சிலவற்றில், இளங்கன்றின் இலைகள் நீலம் பூத்த வட்ட வடிவில் எதிரெதிராக அமைந்திருக்க, முதிர்ந்த மரத்தின் இலைகள் அரிவாள்போல் நீண்டு தொங்குவதைக் காணலாம். நுண்ணோக்கி இல்லாமலே கண்ணுக்குத் தெரியும் இந்த மாற்றத்தோடு இணைந்தே அந்த 156 இன் வீழ்ச்சி நிகழ்கிறது.

தேயிலைத் தொழிலுக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு இதற்குப் பின்னர் வருகிறது. இளம் இலைகளை அகற்றிவிட்டால் 156 இன் அளவு உயர்ந்து செடியின் இளமை நீள்கிறது என்பதை ஸ்கொட் போதிக் குழுவினர் 2011 இல் காட்டினர். இலையிலிருந்து தண்டின் நுனிக்குச் செல்லும் அந்தச் சமிக்ஞை பெரும்பாலும் சர்க்கரையே என்பது 2013 இல் இரு குழுக்களின் ஆய்வுகளால் தெளிவாயிற்று: ஒளித்தொகுப்பால் கிடைக்கும் சர்க்கரை செடிக்குள் சேரச் சேர 156 அடங்குகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற அளவில் ஓயாது கொழுந்தைக் கிள்ளுவதும், கவ்வாத்தின்போது இலைப்பரப்பு முழுவதையும் களைவதும், இந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன என்ற கேள்வி தானாகவே எழுகிறது. ஆய்வுகூடத்துச் சிறு செடிகளில் பெறப்பட்ட முடிவை நூறாண்டு வாழும் தேயிலையின் மீது அப்படியே ஏற்றிவிட முடியாது. இலையின் கக்கத்தில் உருவாக வேண்டிய பூமொட்டு தளிரோடு சேர்ந்து பறிக்கப்பட்டுவிடுவதும் மலைகள் பூக்காமல் இருப்பதற்கு நேரடியான காரணம். எனினும், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் செடியின் வடிவத்தை மட்டுமன்றி அதன் உட்கணக்கையும் மாற்றிவந்திருக்கக்கூடும் என்பது முறையான ஆய்வுக்குத் தகுதியான கருதுகோள். அந்த ஆய்வுக்கு மலையகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மலைநாட்டுத் தேயிலை தொடக்கத்தில் முழுக்க விதையிலிருந்தே வந்தது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதும், 1869 இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர் மலைகள் எங்கும் பரவியதும் விதைத் தேயிலைதான். 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், தேர்ந்த செடிகளிலிருந்து ஓரிலைத் தண்டுத் துண்டுகளை வெட்டித் தவறணையில் வேர்விடச் செய்யும் முறையைப் பரப்பியது. 1946 இல் கொப்புள நோய் இலங்கையை வந்தடைந்ததும் நோய் தாங்கும் செடிகளைத் தேடும் அவசரத்தைக் கூட்டியது. டி.ஆர்.ஐ. 2025 போன்ற தேர்வினங்கள் மலைகளை நிறைத்தமை இவ்வாறுதான். ‘வீ.பி. தேயிலை’ எனத் தோட்டங்களில் வழங்கும் இச்செடிகள் விளைச்சலைப் பெருக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே தாயின் பிரதிகளான அவற்றில் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். விதையிலிருந்து வந்த செடிக்குரிய ஆணிவேர் இல்லாமையால் வறட்சியையும் குறைவாகவே தாங்குகின்றன. விதைத் தேயிலையின் மீது ஆய்வாளரின் கவனம் மீண்டும் திரும்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

அங்கேயும் பூ எளிதில் ஒத்துழைப்பதில்லை. தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத தாவரம்; சொந்த மகரந்தக்குழாய் தம்பத்தின் வழியே சூலகம் வரை சென்றுசேர்ந்தாலும், பெரும்பாலும் அங்கே கருக்கட்டல் நிகழாமல் போகிறது. ஆகவே ஒரே தேர்வினம் நடப்பட்ட மலை பூத்தாலும் விதை அரிது. நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் விளையும் கோவாவின் உறவுச் செடியான பிராசிகா ராப்பாவிலும் இத்தகைய சுயமறுப்பு உண்டு. அங்கே இரு பெற்றோரிடமிருந்தும் வந்த அடையாள மரபணுக்களுள் ஆட்சியுடைய மரபணுவின் பக்கத்திலிருந்து உருவாகும் ஒரு சிறு ஆர்.என்.ஏ., மற்றதன் மீது மெதைல் குறியிட்டு அதை மௌனமாக்குகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் 2010 இல் நிறுவினர். மகரந்தம் எந்த அடையாளத்தோடு சூலகமுடியில் வந்து நிற்கிறது என்பதையே ஒரு சிறு ஆர்.என்.ஏ. முடிவு செய்கிறது. கோவாக் குடும்பம் மகரந்தத்தைப் பூவின் வாயிலிலேயே மறுக்கிறது, தேயிலை கடைசிப் படியில் மறுக்கிறது. இரண்டும் வெவ்வேறு பொறிமுறைகள் என்றாலும், தேயிலையில் எதைத் தேட வேண்டும் என்பதற்கான குறிப்பை அந்த ஆய்வு தருகிறது.

பூவின் உறுப்புகள் அமைவதிலும் இவற்றின் கை இருக்கிறது. முன்னர் கூறிய 172, பூவின் உட்பகுதியில் செயற்பட்டு உறுப்புகளின் எல்லையைக் காக்கிறது. அரபிடோப்சிஸில் அதை அளவுக்கு மீறிப் பெருக்கியபோது புல்லியும் அல்லியும் இருக்க வேண்டிய இடங்களில் சூல்வித்திலைகளும் கேசரங்களும் தோன்றின. 167 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.யின் கட்டுப்பாடு குலைந்தால் சூல்வித்தின் உறைகள் வளராமல் நின்றுவிடுகின்றன, மகரந்தக்கூடுகள் வெடிப்பதில்லை.

மகரந்தக்கூட்டுக்குள் நடப்பது இன்னும் செறிவானது. ஒடுக்கற்பிரிவு என்பது நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பாதியாகும் கலப்பிரிவு. தேயிலைக் கலத்தின் 30 நிறமூர்த்தங்கள் மகரந்தத்தில் 15 ஆவது இதன் மூலம்தான். சோளத்தின் மகரந்தக்கூட்டில் இந்தப் பிரிவுக்கு முன்னர் 21 எழுத்து ஆர்.என்.ஏ.க்களும், பிரிவின்போது 24 எழுத்து ஆர்.என்.ஏ.க்களும் பெருந்திரளாக எழுவதை 2015 இல் விரிவாக விளக்கினர். பின்னைய வகையை உண்டாக்கும் டைசர் நொதியம் இல்லாத சோளச் செடி, வெப்பம் கூடிய சூழலில் ஆண்மலடாகவும் குளிர்ந்த சூழலில் வளமுடையதாகவும் இருப்பது 2020 இல் தெரியவந்தது. இந்த 24 எழுத்து வகை பூக்கும் தாவரங்கள் பலவற்றில் பரந்து காணப்படுவதால், வெப்பநிலை மாறிவரும் மலைகளில் விதைத் தோட்டம் அமைப்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

மகரந்தமணிக்குள் ஒரு கரு, சந்ததிக்குச் செல்லாது குழாயை வளர்ப்பதற்காகவே இருக்கிறது. அந்தத் துணைக் கருவில், டி.என்.ஏ.யில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்கள் கட்டவிழ்க்கப்படுகின்றன என்றும், அவற்றிலிருந்து பிறக்கும் 21 எழுத்துத் துண்டுகள் பக்கத்திலுள்ள ஆண் புணரியில், அதாவது சூலைக் கருக்கட்டச் செய்யும் கலத்தில், சேர்கின்றன என்றும் கீத் ஸ்லொட்கின், ரொபர்ட் மார்ட்டியென்சன் குழுவினர் 2009 இல் தெரிவித்தனர். அழியப்போகும் கரு தன் ஒழுங்கைத் தளர்த்தி, அடுத்த தலைமுறையின் ஒழுங்கைக் காக்கும் ஆயுதத்தைச் செய்து கொடுக்கிறது என்பதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். தாவர உயிரியலில் இதற்கு ஈடான அழகுள்ள கண்டுபிடிப்புகள் சிலவே. தேயிலையின் மரபுத்தொகுதி 2017 இல் சீனாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட அதில் பெரும்பகுதி இத்தகைய தாவும் மரபணுக்களே எனத் தெரிந்தமையால், அந்தக் காவல் தேயிலைக்கு எவ்வளவு தேவை என்பதை ஊகிக்கலாம். பெண் பக்கத்திலும் காவல் உண்டு: சூல்வித்தின் பல கலங்களுள் ஒன்று மட்டுமே பெண் புணரியின் வழியில் செல்வதை, அயற்கலங்களில் செயற்படும் ஓர் ஆர்கோனோட் புரதம் உறுதிசெய்கிறது என மெக்சிகோவின் ஆய்வுக்குழுவொன்று 2010 இல் கண்டது.

தேயிலை ஆய்வில் இந்தத் துறை தொடங்கிய இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டு மலைகளிலேயே உள்ளது. வால்பாறையிலுள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிரபுவும் மண்டலும், பொதுத் தரவகங்களில் இருந்த தேயிலை மரபணுத் துண்டுகளைக் கணினியால் சலித்து, அவற்றுள் ஒரு சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அடையாளம் கண்டு 2010 இல் வெளியிட்டனர். பின்னர் சீனாவில் நடந்த ஆய்வுகள் அந்தப் பட்டியலைப் பன்மடங்கு விரித்திருக்கின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பகுதி குளிர், வறட்சி, கட்டெக்கின் ஆகியவற்றையே சுற்றி நிற்கிறது. இலையே விலைபோகும் பயிரில் இது இயல்புதான். ஆனால் ஒரு புதிய தேர்வினம் கலப்பிலிருந்து தோட்டத்துக்கு வந்துசேர இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதையும், அந்தக் காலத்தின் ஒரு பகுதி நாற்று பூக்கும் பருவத்தை அடைவதற்காகக் காத்திருப்பதில் கழிகிறது என்பதையும் நினைத்தால், பூவை ஒதுக்கிவைப்பது நீண்டகாலத்தில் இலைக்கே இழப்பாகிறது.

மரபணு மாற்றம் எதுவும் செய்யாமலே இந்த அறிவைப் பயன்படுத்த இடமுண்டு. 156 குறைந்த முதிர்ந்த தண்டு எளிதில் வேர்விடுவதில்லை என்பதும், அது மிகுந்த இளந்தண்டு வேர்விடுகிறது என்பதும் அப்பிள் இனமொன்றில் 2017 இல் காட்டப்பட்டன. தவறணைக்கான தாய்ச்செடிகளைக் கவ்வாத்து செய்து, சில மாதங்கள் கழித்து எழும் புதிய தண்டுகளிலிருந்தே துண்டு வெட்டும் மலையக வழக்கம் இதனோடு ஒத்துப்போவதாகவே தோன்றுகிறது. எந்தச் செடியிலிருந்து, கவ்வாத்துக்குப் பின் எத்தனையாவது மாதத்தில் வெட்டினால் வேர் சிறக்கும் என்பதை 156 இன் அளவைக் கொண்டு சோதித்தறிய ஓர் இலைத்துண்டும் சாதாரண மூலக்கூற்று ஆய்வுகூட வசதியும் போதும். அதே அளவீடு, கலப்பு விதையிலிருந்து வந்த நாற்றுகளுள் எவை பூக்கும் பருவத்தை விரைவில் நெருங்குகின்றன என்பதையும் தலவாக்கலையின் ஆய்வாளருக்கு முன்கூட்டியே காட்டக்கூடும்.