எண் சரிதான், கால் ஏன் வலிக்கிறது?

"உங்க சப்பாத்து சைஸ் என்ன?" என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும். எட்டு, ஒன்பது, நாற்பத்திரண்டு என்று ஏதோ ஓர் எண். "சரி, உங்க பாதம் எத்தனை சென்டிமீட்டர்?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. பல ஆண்டுகளாக ஓர் எண்ணைச் சுமந்து திரிகிறோம்; காலை அளந்தது மட்டும் இல்லை.

இப்போது ஜோகூர் பாருவில் எங்கே பார்த்தாலும் 'ஸ்கேட்' வகைக் காலணிகள்தான். தட்டையான ரப்பர் அடிப்பாகம், கேன்வாஸ் அல்லது மெல்லிய தோலில் மேல்பாகம். கல்லூரி மாணவர்கள் மட்டுமல்ல, விடியுமுன் சிங்கை எல்லையில் வரிசை பிடிக்கும் இளைஞர்களும், வார இறுதியில் கூலாயில் உள்ள ஜோகூர் பிரிமியம் அவுட்லெட்ஸ் பக்கம் போகும் குடும்பங்களும் இதைத்தான் தேடுகிறார்கள். எந்த உடைக்கும் பொருந்தும் என்பது உண்மை. ஆனால், எந்தக் காலுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஒரே 9, மூன்று 'யூகே' எண்

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆண்களுக்கான அமெரிக்க அளவு 9 என்று வைத்துக்கொள்வோம். வேன்ஸ் காலணியில் அது யூகே 8. அடிடாஸில் யூகே 8½. கான்வெர்ஸ் நிறுவனத்தின் சக் டெய்லர் காலணியில் யூகே 9. ஐரோப்பிய எண்ணும் முறையே 42, 42⅔, 42½ என்று மாறும். ஆக, "நான் யூகே 9" என்று மட்டும் சொல்லிவிட்டு இணையத்தில் வாங்கினால், வீட்டுக்கு வரும் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் காலணிகள் பெரும்பாலும் இரு பாலருக்கும் பொதுவானவை. வேன்ஸில் ஆண்களின் அமெரிக்க எண்ணோடு ஒன்றரையைக் கூட்டினால் பெண்களின் எண் வரும். கான்வெர்ஸில் இரண்டைக் கூட்ட வேண்டும். பெட்டியில் இருக்கும் எண் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் பணம் கட்டக்கூடாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பழைய அளவுகோல்கள். ஆங்கிலேயர்கள் வாற்கோதுமை மணியை வைத்து அளந்தார்கள். மூன்று மணிகள் சேர்ந்தால் ஓர் அங்குலம். இன்றும் யூகே அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு மணிதான், அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஒவ்வோர் எண்ணுக்கும் 6.7 மில்லிமீட்டர் கூடும். அதைவிட முக்கியம், இந்த இரண்டு முறையும் நம் காலை அளப்பதில்லை. காலணி தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் வடிவ அச்சின் நீளத்தைச் சொல்கின்றன. அந்த அச்சு ஒல்லியா, பருமனா என்று எண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் காலணியின் நாக்குப் பகுதிக்குள் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டில் 'செ.மீ.' என்று எழுதியிருப்பதை முதலில் தேடச் சொல்கிறேன். எந்த நீளமுள்ள பாதத்துக்கு அந்தக் காலணி என்பதை அது சொல்கிறது. மேலே சொன்ன மூன்றில் வேன்ஸும் அடிடாஸும் 27 என்று காட்டும், கான்வெர்ஸ் 27.5 என்று காட்டும். எண்களை ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்கேட்டர்களின் ஆலோசனை யாருக்கு?

வேன்ஸ் நிறுவனம் 1966 மார்ச் 16ஆம் தேதி கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் ஒரு சிறிய கடையாகத் தொடங்கியது. வந்தவர் விரும்பிய காலணியை அங்கேயே தைத்து அன்றே கொடுத்தார்கள். 1970களில் ஸ்கேட்போர்டு இளைஞர்களுக்கு அதன் ஒட்டிப்பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம் பிடித்துப் போனது. பலகையைத் தள்ளியும் நிறுத்தியும் ஒரு காலணி மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், ஒற்றைக் காலணியைக்கூட அவர்களுக்கு விற்றார்கள்.

அந்த ரப்பரை வெப்பத்தால் இறுக்கி உறுதியாக்கும் முறையைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் உலகம் ரப்பரைத் தேடி ஓடியது. ஜோகூர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்ட வந்ததற்கும் அந்தத் தேடல்தான் காரணம். அவர்களில் பலருக்குக் காலில் சரியான சப்பாத்து இருந்ததில்லை. பேரப்பிள்ளைகள் நமக்கு, சரியான சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பிரச்சினை.

ஸ்கேட்டர்களுக்குப் பலகை காலடியில் உணரப்பட வேண்டும். காலணிக்குள் பாதம் நகரக்கூடாது. அதனால், "அரை சைஸ் குறைத்து வாங்கு" என்பது அவர்களுக்குள் வழங்கும் ஆலோசனை. அதையே நாமும் பின்பற்ற வேண்டியதில்லை. நாம் பலகையில் தாவப் போவதில்லை. பேரங்காடியில் நடக்கப் போகிறோம், எல்லையில் நிற்கப் போகிறோம், எட்டு மணி நேரம் வேலை பார்க்கப் போகிறோம். நடக்கும்போது பாதம் முன்னால் நீளும், மாலையில் வீங்கும். நமக்கு விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும்.

நீளத்துக்கு 7, அகலத்துக்காக 9

அண்மையில் அப்பாவுக்கு இணையத்தில் காலணி வாங்கலாம் என்று ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, குதிகாலச் சுவரோட ஒட்டி வைங்கப்பா. எழுந்து நின்னுக்கிட்டு."

"என்னம்மா இது, தையற்காரன் மாதிரி? நான்தான் ஒம்பதுன்னு சொன்னேனே."

அளந்து பார்த்தேன். வலது பாதம் 25.7 சென்டிமீட்டர், இடது 25.4. அந்த நீளத்துக்கு யூகே 7 போதும். ஆனால், அவர் பல ஆண்டுகளாக 9 போடுகிறார். யூகே 9 என்பது பொதுவாக 28 சென்டிமீட்டர் பாதத்துக்கு. "ஏழு போட்டா பக்கவாட்டுல இறுக்குதும்மா" என்றார். புதிர் விடுபட்டது. அவருடைய பாதம் நீளமானதல்ல, அகலமானது. அகலத்துக்குக் கிடைக்காத இடத்தை நீளத்தில் வாங்கியிருக்கிறார்.

இது அப்பாவின் கால் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை இந்தியாவின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்பது அந்த ஆய்வின் முக்கிய முடிவு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த யூகே அளவையே இன்றும் பயன்படுத்துவதால், பலர் தேவைக்கு மேல் நீளமான காலணிகளைப் போட்டு நடக்கிறார்கள் என்பதும் தெரிய வந்தது. இதற்காகவே 'பா' என்ற புதிய அளவு முறை அங்கே முன்மொழியப்பட்டது. பாரதம் என்ற சொல்லின் முதல் எழுத்து அது.

மலேசியத் தமிழர்களின் பாதங்களை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனாலும், "சுண்டுவிரல் பக்கம் கடிக்கிறது" என்று புலம்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கேட் வகைக் காலணிகள் பெரும்பாலும் ஒரே அகலத்தில்தான் வருகின்றன. சில மாடல்களில் மட்டும் அகல வடிவம் உண்டு. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

தளர்வான காலணியும் ஆபத்துதான்

கோயிலுக்குப் போனால் கழற்ற வேண்டும், வீட்டுக்குள் நுழைந்தால் கழற்ற வேண்டும். அதனால் சட்டென்று நுழைத்து, சட்டென்று உருவக்கூடிய தளர்ந்த காலணியே வசதி என்பது நம் பழக்கம். குதிகால் பகுதியை மிதித்துச் சப்பையாக்கிவிடுவதும் நாம்தான். ஆனால், தளர்ந்த காலணிக்குள் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னும் பின்னும் உரசும். சாதாரணமாக இருந்தால் ஒரு கொப்புளம். இரண்டு நாளில் ஆறிவிடும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அப்படியல்ல. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு நோய் இருக்கிறது. நாள்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்வு குறையும். காலணி கடித்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. விரலை இழந்தவர்கள், காலை இழந்தவர்கள் நம் உறவு வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்தத் துயரத்தின் தொடக்கம் பல நேரங்களில் பொருந்தாத காலணியால் வந்த ஒரு சின்னக் கொப்புளம்.

ஆகவே, அப்பா அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக ஸ்னீக்கர் வாங்கித் தர நினைக்கும் பிள்ளைகள் ஆச்சரியப்படுத்த வேண்டாம். கடைக்குக் கையோடு அழைத்துப் போங்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால், தட்டையான கேன்வாஸ் காலணி அவர்களுக்கு ஏற்றதா என்று முதலில் கிளினிக்கில் கேளுங்கள். புதுக் காலணியை முதல் நாள் வீட்டில் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொல்லி, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடம் தெரிந்தால் அந்தக் காலணி வேண்டாம்.

பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிதாக?

"ரெண்டு சைஸ் பெருசா எடு, அடுத்த வருஷமும் போடலாம்." பள்ளி திறக்கும் காலத்தில் எந்தக் கடையிலும் கேட்கும் வசனம் இது. ஒரு ஜோடி நூறு, இருநூறு வெள்ளி என்றால் அம்மாக்கள் அப்படித்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆனால், யூகே அளவில் இரண்டு எண் என்றால் 17 மில்லிமீட்டர். அவ்வளவு தளர்ந்த காலணியில் பிள்ளை ஓட முடியாது, தடுக்கி விழும். சரியான அளவிலிருந்து ஓர் எண் கூட்டுவதே போதுமான இடம் தரும்.

சென்னை ஆய்வின்படி பெண் பிள்ளைகளின் பாத வளர்ச்சி ஏறத்தாழ 11 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 15, 16 வயதிலும் உச்சத்தை எட்டுகிறது. அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். விலை உயர்ந்த ஸ்கேட் காலணியை, பிள்ளையின் கால் வளர்ச்சி ஓரளவு நின்ற பிறகு வாங்கித் தருவது பணத்துக்கும் நல்லது.

வீட்டிலேயே அளக்கலாம்

மாலை நேரத்தில் அளக்க வேண்டும். அந்தக் காலணியோடு போடப்போகும் காலுறையையே போட்டுக்கொள்ளுங்கள். சுவரோரம் தரையில் தாளை வைத்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் ஊன்றி நில்லுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் விரியாது; அளவு குறையும். மிக நீண்ட விரலின் நுனியில் இன்னொருவர் கோடு போடட்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும், கவனியுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றியும் வரைந்துகொள்ளுங்கள்.

இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டும் சமமாக இருப்பதில்லை. பெரிய பாதத்துக்குத்தான் வாங்க வேண்டும். சின்னதற்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டை வைத்துக்கொள்ளலாம்.

கடையில், வரைந்த தாளின் மேல் காலணியின் அடிப்பாகத்தை வைத்துப் பாருங்கள். பாதத்தின் அகலமான இடத்தில் உங்கள் கோடு ரப்பருக்கு வெளியே போனால், அந்த மாடல் உங்களுக்கு இல்லை. எண்ணைக் கூட்டிப் பயனில்லை; வேறு மாடல் பாருங்கள். கேன்வாஸும் மெல்லிய தோலும் நாளடைவில் அகலத்தில் கொஞ்சம் தளரும், நீளத்தில் தளராது. கயிறு இல்லாத 'ஸ்லிப்-ஆன்' வகையை இறுக்கிக் கட்ட வழியில்லை என்பதால், அது முதல் நாளே குதிகாலைப் பிடித்து நிற்க வேண்டும், அதே நேரம் விரல் முட்டவும் கூடாது.

இரண்டு காலிலும் போட்டு, கயிறு கட்டி, கடைக்குள் ஐந்து நிமிடம் நடங்கள். விற்பனையாளர் ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு வீட்டில் உள்ள எல்லோருடைய அளவையும் சென்டிமீட்டரில் கைப்பேசியில் குறித்து வையுங்கள், தேதியோடு. எடை கூடினாலும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், வயது ஏற ஏறவும் பாதம் மாறும். அப்பாவுக்கு இப்போது அகல வடிவத்தில் ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். எண் எதுவாக இருந்தாலும் சரி, 25.7 என்பது மட்டும் என் கைப்பேசியில் இருக்கிறது.