கனடாவில் வாழ்க்கைத் துணைக்குப் பிணை நிற்றல்

கனடா நாட்டில் குடியேறி வாழும் ஒருவர், வெளிநாட்டிலுள்ள தம் மனைவியையோ கணவரையோ அங்கே வரவழைத்து நிலையாகக் குடியிருத்துவதற்கு அந்நாட்டுச் சட்டம் ஒரு வழி வகுத்திருக்கிறது. அதனையே நம் வீடுகளில் 'ஸ்பான்சர் செய்வது' என்கிறார்கள். சொல் நம்மவரிடையே நன்கு பழகிவிட்டது. அதன் பொருள்தான் சரிவர விளங்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் படிவங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. நான் சட்டம் பயின்றவன் அல்லேன், பள்ளிக்கூடத்து வாத்தியார். படிவத்தைப் படித்துப் பொருள் சொல்வேன். அவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "மாப்பிள்ளைதானே ஸ்பான்சர் பண்ணுகிறார், நாளைக்கு மனத்தாங்கல் வந்தால் அவரே பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடலாமா, ஐயா?"

முடியாது என்பதே விடை. ஏன் முடியாது என்பதை அறிய, பிணை யார் யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க வேண்டும். கணவன் வாக்களிப்பது கனடா அரசுக்கு. மனைவி நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்ற நாள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவளுடைய உணவு, உடை, உறையுள் முதலிய தேவைகளுக்குத் தான் பொறுப்பு என்று அவன் எழுதிக் கொடுக்கிறான். அந்தக் காலத்துக்குள் அவள் அரசின் உதவிப் பணத்தை நாட நேர்ந்தால், அத்தொகையை அரசுக்குத் திருப்பிச் செலுத்தும் கடன் அவனைச் சாரும். பிரிந்து வாழ்ந்தாலும், மணமுறிவு ஏற்பட்டாலும், வேலை போனாலும் அந்தக் கடன் நீங்காது. 2002-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் இப்போதைய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் இக்காலம் பத்து ஆண்டுகளாக இருந்தது. மனைவியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறாள். தன்னால் இயன்ற அளவு தன் தேவைகளைத் தானே நிறைவு செய்து கொள்ள முயல்வதாக அவள் அதில் உறுதி கூறுகிறாள். கணவனுக்கு அடங்கி நடப்பதாக அதில் ஒரு வரியும் இல்லை. குடியிருப்புரிமையை அவளுக்கு வழங்குவது அரசு. அது கிடைப்பதற்கு முன் அவன் பிணையை விலக்கிக் கொள்ளலாம்; கிடைத்த பின் அது அவன் கையில் இல்லை.

இடையில் ஒரு காலம் வேறு விதமாக இருந்தது. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 25 முதல், மணமாகி இரண்டாண்டுக்கு மேற்படாத, குழந்தையில்லாத தம்பதியருக்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள்: வந்தவர் இரண்டாண்டுகள் துணையுடன் சேர்ந்தே வாழ வேண்டும். போலித் திருமணங்களைத் தடுப்பது நோக்கம். ஆனால் அடி உதை பட்ட பெண்ணும், உரிமை பறிபோகுமென்று அஞ்சி அதே வீட்டில் கிடக்க நேர்ந்தது. கொடுமைக்கு ஆளானவர்க்கு விலக்கு உண்டென்று விதியில் எழுதியிருந்தது உண்மையே. மொழி தெரியாத ஊரில் புதிதாய் வந்திறங்கிய பெண் அதை எங்கே போய்ப் படித்தறிவாள்? 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. "போலீசில் சொன்னால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று இன்றும் மிரட்டுவோர் இருக்கலாம். அது வெறும் மிரட்டல்தான்.

ஆயின் பொய்யின்மேல் கட்டிய விண்ணப்பம் நிலைக்காது. திருமணம் உண்மையானதாக இருத்தல் வேண்டும்; குடியேறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டதாகவும் இருத்தல் கூடாது. 2010 முதல் இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் மறுக்கலாம். பெரியோர் பேசி முடித்த திருமணமாயிற்றே என்று அஞ்ச வேண்டுவதில்லை. யார் பேச்சைத் தொடங்கினார், பெண் பார்க்க யார் வந்தார், மணவிழாவில் எந்த உறவினர் இருந்தார், பிறகு இருவரும் எப்படித் தொடர்பு கொண்டிருந்தனர் என்பவற்றை நடந்தபடி எழுதினால் போதும். நானூறு புகைப்படங்களை அனுப்பிவிட்டு, முதன்முதல் சந்தித்த தேதியைக் கணவன் ஒன்றாகவும் மனைவி வேறாகவும் எழுதுவதால்தான் ஐயம் எழுகிறது. பொய்யுரை என்று முடிவானால் ஐந்தாண்டுக்கு அந்நாட்டினுள் நுழையத் தடை உண்டு.

இன்னுமொன்றைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். ஓர் இளைஞன் பெற்றோருடன் மணமாகாத பிள்ளையாக விண்ணப்பிக்கிறான். விசா கைக்கு வந்ததும் ஊரிலேயே மணமுடித்துக் கொண்டு, அதை வெளியிடாமல் விமானம் ஏறிவிடுகிறான். பிறகு மனைவியை அழைக்க முற்படும்போது கதவு அடைபட்டிருக்கிறது. தான் குடியேறியபோது அறிவிக்காத, அதனால் அதிகாரிகள் பரிசீலிக்காத குடும்பத்தினரைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்க விதி இடந்தராது. 2019-இல் சிலருக்கு இதில் தளர்வு அளித்தார்கள், எல்லோர்க்கும் அன்று. ஆகவே மாப்பிள்ளை எந்த ஆண்டு, எந்தப் பிரிவில் குடியேறினார், அப்போது தம் நிலையை என்னவென்று எழுதினார் என்று பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்பதில் நாணம் வேண்டாம். சம்பளம் கேட்க நாம் நாணுவதில்லையே!

சம்பளத்தைப் பொறுத்தவரை, மனைவியை மட்டும் அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. ஆனால் அழைப்பவர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். உடற்குறை காரணமாக அன்றி அரசு உதவிப் பணத்தில் வாழ்பவராக இருத்தல் கூடாது. கியூபெக் மாநிலத்தில் விதிகள் சற்றே வேறுபடும்.

மனைவி வெளிநாட்டில் இருக்கும்போது தரப்பட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டால், முப்பது நாளைக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் முறையிடலாம். அம்முறையீட்டைச் செய்ய வேண்டியவர் பிணை நின்ற கணவர். மறுப்புக் கடிதம் மனைவியின் கைக்கு வந்தால், அன்றே அதன் நகலை அவருக்கு அனுப்பிவிட வேண்டும்.